பதினாலாம் நம்பர் ஆமை ஊருக்குப் போனது

டபிதாவுக்கு ஊருக்குப் போக வேண்டும். அவள் கதையை இங்கிருந்துதான் ஆரம்பிக்க முடியும். ஆஸ்திரேலியாவின் வடமுனையில், டாரஸ் நீரிணையில் இருக்கிற எங்கள் தீவில் ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கிற பிள்ளை மூட்டை கட்ட வேண்டியதுதான். டபிதாவையும் பன்னிரண்டு வயதில் பெருநிலத்தில் டவுன்ஸ்வில் நகரத்து விடுதிக்கு ஏற்றி அனுப்பினார்கள். விமானம் ஏறும்போது அப்பாவின் சட்டையைப் பிடித்த பிடியை மூன்று பேர் சேர்ந்து விடுவித்தார்கள் என்று ஊரில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, விட்டுப் போனவளுக்கல்லவா தெரியும்.

அந்த அப்பா செத்தபோதும் அவள் ஊரில் இல்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். ஊரில் மழை பிடித்துக்கொண்டு ஒரு வாரம் விமானமே இறங்கவில்லை. எங்களில் புதைத்ததோடு எல்லாம் முடிந்துவிடாது. சில வருஷம் கழித்துக் கல்லறைக்குக் கல் வைத்து, அதைத் துணியால் மூடி, சொந்தபந்தம் அத்தனையும் கூடித் திறப்போம். பெற்ற பிள்ளைகள்தான் துணியை விலக்க வேண்டும். அன்றோடு துக்கம் கழிந்தது, அப்புறம் விருந்தும் ஆட்டமும்தான். மண் போடத்தான் இல்லை, துணி எடுக்கவாவது நான் இருப்பேன் என்று மூன்று வருஷமாக அவள் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கல் திறப்பு ஈஸ்டருக்கு என்றுதான் முதலில் பேச்சு. அதை நம்பித்தான், எங்களைப் போன்ற பூர்வகுடி மாணவர்களுக்கு, இங்கே டிசம்பரில் வருகிற கோடை விடுமுறையில் கிடைக்கிற பத்து வார டேட்டா வேலையில் அவள் சேர்ந்தாள். டவுன்ஸ்வில்லிலேயே ஒரு கடலாய்வு நிலையம். வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகவில்லை, கல் சரக்குப் படகில் முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஊரில்தானே இருக்கிறார்கள், இப்போதே திறந்துவிடலாம் என்று தாய்மாமன் ஈனோஸ் முடிவு பண்ணிவிட்டார்.

நிலையத்தில் மேலதிகாரி ஹெலன் தங்கமான பொம்பளை. கேட்டதும் லீவு கொடுத்துவிட்டாள். சீட்டுதான் கிடைக்கவில்லை. பெரிய விமானம் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து எங்கள் தீவுக்கு வருகிற குட்டி விமானத்தில் இருக்கிற நாலு சீட்டையும் சித்தப்பா, பெரியப்பா வீட்டுக் கூட்டம் எப்போதோ பிடித்துவிட்டது. அங்கே படகில் வந்து கூட்டிப் போகச் சொன்னால், வடமேற்குக் காற்றில் அவ்வளவு தூரம் நடுக்கடலைத் தாண்ட மாட்டேன் என்றார் மாமா. அப்பாவின் கல்லுக்கு ஊர் உலகமெல்லாம் போகிறது, மகள் மட்டும் போகவில்லை! வயிறு எரியாதா?

அவள் வேலை இதுதான்: முதுகில் சின்னப் பெட்டி ஒட்டிய கடலாமைகள் எங்கெங்கே நீந்துகின்றன என்று செயற்கைக்கோள் வழியாகப் புள்ளிகள் வரும். அதில் தப்பான புள்ளியைப் பொறுக்கி எடுத்து அழிக்க வேண்டும். ஆமை காரை விட வேகமாகப் போயிருந்தால் தப்பு. முட்டையிடும் மணலைத் தவிர வேறு நிலத்தில் நின்றால் தப்பு. ஒரு நாளைக்கு நாலைந்து புள்ளிதான் ஒழுங்காக வரும், ஆமைக்குத் தண்ணீருக்குள்தானே பிழைப்பு.

பதினாலாம் நம்பர் ஆமை வடக்கே போய்க்கொண்டிருந்தது. தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாள். "போ, போ. உனக்கு டிக்கெட்டா, சீட்டா? கொடுத்து வச்சவ" என்று திரையைப் பார்த்துப் பொருமுவாள். கல் திறப்புக்கு இரண்டு நாள் இருக்கையில் அது எங்கள் தீவுக்கு எதிரே இருக்கிற பவளத் திட்டில் வந்து நின்றது. டபிதா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். நேரம் பார்த்து மாமாவின் போன்.

"என்னடி, ஊர்ல இருக்குற ஆமையெல்லாம் உன் கம்ப்யூட்டர்லதான் இருக்காமே? ஒண்ண இந்தப் பக்கம் தள்ளி விடேன். ரெண்டு நாளா அலையுறேன், ஒண்ணும் கண்ணுல படல."

"அதெல்லாம் சொல்லக் கூடாது மாமா. வேலை போயிரும்."

"அடிப்பாவி! தாய்மாமனுக்கே சொல்ல மாட்டியா? உங்கப்பன் கல்லுக்கு வந்தவங்களுக்கு ஆமைக்கறி போடாம டின் மீனையா பரிமாறச் சொல்ற?"

"எங்கப்பா இருந்தா என்கிட்டயா கேட்டிருப்பாரு? தண்ணியப் பாத்தே சொல்லியிருப்பாரு. உங்களுக்குக் கண்ணு மங்கிப் போச்சு, அத ஒத்துக்கோங்க."

மாமா வெடித்துச் சிரித்தார். "வாய் மட்டும் அப்படியே அவன் வாய். சரி, அதென்ன, இங்க இருக்குற ஆமை அங்க இருக்குற உனக்கு எப்படித் தெரியுது?"

"முதுகுல ஒரு பொட்டி இருக்கு மாமா. தண்ணிக்கு மேல வந்துச்சுன்னா நான் இங்க இருக்கேன்னு சொல்லும். முங்கிட்டா வாயத் திறக்காது."

"ஓகோ." மாமா சிரிப்பை நிறுத்தினார். "அழுறியா?"

"இல்ல."

"பொய் சொல்லாதடி."

கல் திறக்கிற சனிக்கிழமை, அவளுக்கு அறையில் இருப்புக்கொள்ளவில்லை. கல் திறப்புக்குக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே துணியில் உடுப்பு தைப்பது வழக்கம். சிவப்பில் வெள்ளைப் பூப் போட்ட அந்தத் துணியில் அவளுக்கும் ஒன்று தைத்து அம்மா தபாலில் அனுப்பியிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு, ஆளே இல்லாத நிலையத்தில் போய்த் தன்னந்தனியாக உட்கார்ந்து திரையைத் திறந்தாள்.

பதினாலு எங்கள் ஊர்க் கரையில், படகு கட்டுகிற இடத்தில் இருந்தது.

"ஐயையோ, பிடிச்சுட்டாங்க" என்றாள் வாய்விட்டு. பிடித்தது தப்பில்லை, அது எங்கள் கடல், எங்கள் உரிமை, யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆனாலும் இத்தனை நாள் கூடவே வந்த ஆமையல்லவா.

இனி புள்ளி வராது என்று நினைத்தாள். வந்தது. தண்ணீருக்கு வெளியே அந்தப் பெட்டி வாய் ஓயாமல் பேசியது. அடுத்த புள்ளி தெருவில். அடுத்தது அவள் வீட்டிலேயே, அம்மா சமைக்கிற பின்கட்டில். அங்கே கொஞ்ச நேரம். அப்புறம் மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில், தேவாலயத்துக்கு. இப்போது பாட்டு நடக்கும் என்று நினைத்தாள், அவளும் சன்னமாகப் பாடினாள். தேவாலயத்திலிருந்து எல்லோரும் எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். புள்ளியும் அங்கேயே போனது. கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் இடத்தில், ஒன்றன் மேல் ஒன்றாகப் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. அவள் மேசையில் தலையைச் சாய்த்துக் குமுறிக் குமுறி அழுதாள்.

மறுநாள் தம்பி எஸ்ரா கூப்பிட்டான். "அக்கா, உன் ஆமைக் கறியில செம கொழுப்பு."

"பொட்டிய யாருடா தூக்கிட்டுத் திரிஞ்சது?"

"மாமாதான். யாரையும் தொட விடல. பொட்டியப் பாத்ததும், இது டபிதாவோடதுன்னு சொல்லிட்டாரு. துணிய எடுக்கப் பிள்ளைங்க பேரைக் கூப்பிட்டாங்கல்ல, உன் பேரும் வந்துச்சு. மாமா பொட்டியத் தூக்கிப் பிடிச்சு, 'இங்கதான் இருக்கா'ன்னாரு. ஒரு கையில பொட்டி, ஒரு கையில துணி முனை. நானும் அவரும் சேந்துதான் இழுத்தோம். அம்மா அந்தப் பொட்டிக்கு முத்தம் குடுத்துச்சுக்கா."

திங்கட்கிழமை ஹெலன் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "பதினாலு போயிருச்சா? பாவம். பொட்டிய அனுப்பிவிடச் சொல்லு, திரும்ப உதவும். நிலத்துல இருக்குற புள்ளியெல்லாம் எடுத்துரு. ஆமை ரோட்டுல நடக்காதுல்ல?"

"நடக்காது" என்றாள் டபிதா.

வேலை என்றால் வேலைதான். கரையை அழித்தாள், தெருவை அழித்தாள். அழிக்கிற ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும், 'நிலம்', 'நிலம்' என்று எழுதிக்கொண்டே வந்தாள். வீடும் தேவாலயமும் போயின. கல்லறைப் புள்ளிகளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே நிலம் என்று எழுத அவளுக்கு மனசு வரவில்லை. வெகு நேரம் கழித்து, காரணம் என்கிற இடத்தில் இப்படி எழுதினாள்: "அங்கே நின்றது ஆமை இல்லை. நான்."

எழுதிவிட்டு, கல்லறைப் புள்ளிகளையும் அழித்தாள்.