வாசலில் இருந்த போலீஸ்காரரும் நாலு வெட்டுக்கல்லும்

எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த நேரம் அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. எனக்கு இருபத்திரண்டு வயது. தமிழ் பேசும் எங்கள் ஊர்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போன அப்பா சிறையில் இருந்தார். அண்ணன் தலைமறைவு. வீட்டில் அம்மாவும் மகளான நானும்தான். அவன் என்றைக்காவது வீட்டுக்கு வந்தால் பிடிப்பதற்காக எங்கள் வாசலில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்திருந்தார்கள். வடக்கே எங்கிருந்தோ வந்தவர், மலையாளம் மட்டும்தான் பேசுவார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன். அம்மா மட்டும் எனக்குத் தெரியாமல் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் ஆடி மழையில் ஆறு பெருகி எங்கள் வயலில் முழங்கால் உயரத்துக்கு மணல் ஏற்றிவிட்டுப் போயிருந்தது. அதை அள்ள ஆள் இல்லை. ஊரில் பாதி ஆண்கள் ஜெயிலில், மீதிப் பேர் ஒளிவில். நாற்றங்காலில் நாற்று முதிர்ந்துகொண்டிருந்தது. மாசியில் அறுக்கும் கும்பப்பூ நடவு தவறினால் அடுத்த வருடம் வரை வீட்டில் நெல் கிடையாது. ஜெயிலில் பார்க்கப் போனபோது அப்பா வயலைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கண்டம் தரிசா கிடக்காதுல்லா மக்கா?"

"கிடக்காது" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம்.

அப்பாவிடம் ஒரு டிராக்டர் இருந்தது. பட்டாளம் ஏலத்தில் விட்ட பழைய வண்டி. முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். சர்ச் மைதானத்தில் அப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். அதன் மூக்கில் மண் தள்ளும் பிளேடு ஒன்றை மாட்டினால் ஆளே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். சாலை காண்டிராக்டர் ஒருவர் கழித்துப் போட்ட பிளேடு கிடைத்தது. மாட்டு வண்டியில் வந்து இறங்கியது.

அது வேறு ஏதோ வண்டிக்குச் செய்தது. எங்கள் ஊர்க் கொல்லரும் நானும் மூன்று நாள் மல்லுக்கட்டினோம். கைகள் அகலமாக இருந்தன. நெருப்பில் காய்ச்சி வளைத்தோம். துளைகள் சேரவில்லை, புதிதாகத் துளைத்தோம். பிளேடைத் தூக்கி நிறுத்தும் கொக்கி மட்டும் ரேடியேட்டர் பக்கமாகப் போய்விட்டது. ஓட்டுகிறவர் கைக்கு எட்டாது. "நான் கூடவே நடந்து வாறேன். நீ சொன்னா கொக்கியத் தட்டி பிளேடை இறக்கி விடுவேன்" என்றார் கொல்லர். கடைசி போல்ட்டை முறுக்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் வாசலில் இருந்த போலீஸ்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "பின்னில் பாரம் வேணம். அல்லெங்கில் பிரேக் பிடிக்கில்லா."

பின்னால் பாரம் ஏற்றாவிட்டால் பிரேக் பிடிக்காதாம்! என் வண்டிக்கு இந்த ஆள் யோசனை சொல்வதா?

கொல்லர் தலையைச் சொறிந்தார். "அவரு சொன்னதுல காரியம் உண்டு மக்கா. முன்னால இம்புட்டு இரும்பாக்கும்."

"போலீசு சொல்லித்தான் நம்ம கண்டத்துல இறங்கணுமோ? எனக்கு அறியும், நீங்க வாங்க மாமா" என்று வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டிலிருந்து வயலுக்கு ஒரே செம்மண் இறக்கம். கீழே வரப்பில் நடவுக்கு வந்த ஆறு பெண்கள் வெற்றிலை போட்டபடி, இந்தக் கூத்தைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். பாதி இறக்கத்தில் வேகம் கூடியது. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்சக்கரம் இரண்டும் சரளையில் வழுக்கிக்கொண்டே வந்தன. பிரேக் பின்சக்கரத்தில்தான் இருந்தது. முன்பாரம் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கியதில் அவை தரையைச் சரியாகத் தொடவே இல்லை.

கொல்லரைத் திரும்பிப் பார்த்தேன். வழுக்கி விழுந்து கிடந்தார். "எழும்புங்கோ! ஓடுங்கோ!" என்று வரப்பைப் பார்த்துக் கத்தினேன். அந்தப் பெண்களோ நான் ஏதோ வீரம் காட்டுகிறேன் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது வந்த பயம் போல என் வாழ்நாளில் பிறகு எதற்கும் நான் பயந்ததில்லை.

பக்கவாட்டில் காக்கி தெரிந்தது. தொப்பி இல்லாமல், வண்டியை விட வேகமாக ஓடிவந்தார் அந்தப் போலீஸ்காரர். ரேடியேட்டர் பக்கம் தாவி, கொக்கியை ஓர் உதை விட்டார். பிளேடு தடாலென்று விழுந்து செம்மண்ணைக் கவ்வியது. என் தாடை ஸ்டியரிங்கில் மோதியது. வரப்புக்கு இரண்டு ஆள் நீளத் தூரத்தில் வண்டி நின்றது.

பெண்கள் அப்போதுதான் அலறினார்கள். அவர் முழங்காலில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மேலே போய், எங்கள் மதில் கட்ட வைத்திருந்த வெட்டுக்கல்லில் நாலைத் தூக்கி வந்து, வண்டியின் பின்னால் கயிற்றால் கட்டினார். யுத்தத்தின்போது பர்மாவில் ரோடு போட்டவராம். இதைக் கொல்லரிடம்தான் சொன்னார். "இனி போய்க்கோ" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தார்.

நான் போனேன். நாலே நாளில் மணலைத் தள்ளி முடித்தேன், பிரேக் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. நடவும் நடந்தது. அடுத்த வாரம் அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள்.

அறுவடைக்கு முன் அப்பா விடுதலையாகி வந்தார். போலீஸ் அடியில் ஒரு தோள் சரியாகத் தூக்க வராது. வயலைப் பார்த்துச் சிரித்தவர், டிராக்டரின் பின்னால் கட்டியிருந்த கற்களைப் பார்த்து, "இது ஆருக்க புத்தி?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். தோளைத் தடவிக்கொண்டே கேட்டார்: "நீ அவருட்ட ஒரு வார்த்தை சொன்னியா மக்கா?"

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன். பிடிக்காதவர் வாயிலிருந்து ஒரு யோசனை வந்தால், இன்றைக்கும் முதலில் போய்ப் பின்னால் கல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.  ஆனால் எனக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் நன்றாகத் தெரியும். அந்தப் போலீஸ்காரரிடம் நான் ஒன்றிலும் நன்றி சொல்லவில்லை.