அனுப்பாத வலது கால்

போன வாரம், காலை ஆறு மணிக்குக் கனடாவிலிருந்து அழைப்பு. சுதன்தான் – வரும் ஆவணியில் என்னைக் கட்டவிருப்பவர். மெட்டி வாங்கப் போகிறாராம்.

“ரெண்டு காலையும் படமெடுத்து அனுப்பும். பக்கத்தில, அளவு தெரிய, ஒரு அடிமட்டம் வையும்.”

நான் இடது காலை மட்டும் அனுப்பினேன்.

வலது பெருவிரல் நகத்தில் பங்கசு எனும் பூஞ்சைத் தொற்று. தோட்டக் கிணறுகளின் நீர்மட்டம் அளப்பது என் வேலை. இரண்டு மாரி, புத்தூர்ச் சேற்றில் ஈரச் சப்பாத்தோடு நின்றதற்குக் கிடைத்த பரிசு… நகம் தடித்து, மஞ்சளாகி, ஓரம் உதிரத் தொடங்கியது. அம்மியில் தூக்கி வைக்கப்படும் கால் அதுதான். அவர் குனிவதும், கமரா கிட்ட வருவதும் அங்கேதான். விடுவேனா? கல்யாணம் நிச்சயமான உடனேயே, அதைக் குணமாக்கும் வழிகளைப் போனில் பட்டியல் போட்டிருந்தேன்.

முதலாவது, அம்மாவின் மஞ்சளும் வேப்பெண்ணெயும். இரண்டு வாரத்தில், நோயின் மஞ்சள் எது, மருந்தின் மஞ்சள் எது என்றே தெரியாமல் போனது. இரண்டாவது, சிவப்பு நகப்பூச்சு. அது சிகிச்சையா என்ன? ஒளிப்பு. அதற்குள்ளே தொற்று தன் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாவதுதான் முதலாவதாக இருந்திருக்க வேண்டும் – இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு தோல் வைத்தியர். பூச்சைத் துடைக்கச் சொன்னார். தடித்த நகமெல்லாம் பங்கசு இல்லையாம். ஒரு துண்டு வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்த பிறகே வழிகளைச் சொன்னார். நுனியில் மட்டும் என்றால் மருந்துப் பூச்சு, மாதக்கணக்கில். என்னுடையது அடிவரை போய்விட்டதால் மாத்திரை, மூன்று மாதமளவில். அதற்கு முன் ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை. லேசர் என்றால் கொழும்புக்குப் போக வேண்டும், பலனும் நிச்சயமில்லை. நகத்தைக் கழற்றுவது மிக அரிதாக.

ஆவணிக்கிடையில் சரிவருமா என்று கேட்டேன்.

“பங்கசு போயிடும், பிள்ளை. நகம் வளர வேணுமே… பெருவிரலுக்கு ஒரு வருசம், ஒண்டரை வருசம் செல்லும். அதை ஒருத்தராலயும் அவசரப்படுத்தேலாது.”

மாத்திரை முடிந்துவிட்டது. சப்பாத்தை வெயிலில் காயவைக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி அடிமட்டம் வைத்துப் படமெடுக்கிறேன். அடியிலிருந்து இளஞ்சிவப்பாக நல்ல நகம் ஏறி வருகிறது – மாதம் ஒரு மில்லிமீட்டர் அளவில். ஆவணிக்குள் பாதிதான் வரும்.

சுதன் விடவில்லை. எனக்கு ஒரு கால்தானோ என்று கேட்டு எழுதினார். கடைசியில் வலது காலையும் அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு அவரே அழைப்பெடுத்தார்.

“இதையோ மறைச்சனீர்?”

“ஓம்.”

“நானும் ஒண்டு மறைச்சனான். பாஸ்போர்ட் அலுவல் இழுபடுது. ஆவணிக்கு வரேலாது… எப்ப எண்டும் சொல்லுறாங்கள் இல்லை. மெட்டியை எண்டாலும் வாங்கி வைப்பம் எண்டுதான்…”

பிறகு, வலது காலுக்கு அளவு சரியாகத் தெரியவில்லை, அடிமட்டத்தைக் கிட்ட வைத்து இன்னொரு படம் எடும் என்றார். எடுத்தேன்.

வைத்தியரிடம் மறைத்தால் நகம் கெடுகிறது. நமக்குள் மறைத்தால்? இரண்டு பேரும் தனித்தனியாகக் காத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

என் கணக்குப்படி, இனி நகத்துக்குத் தாராளமாக நேரமிருக்கிறது. ஆவணிக்குள் வளர்ந்துவிடு என்று அதைத் தினமும் கெஞ்சியவள் நான். நேற்று முதலாந் திகதி. அடிமட்டத்தை வைத்தபோது வேண்டுதல் மாறிவிட்டது.

பாதி நகத்தோடேயே அம்மி மிதிக்கக் கிடைக்கட்டும்.