பரதேசி மடத்தில் ஒரு மாப்பிள்ளை

போன வாரம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஜாபரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கொழும்பிலிருந்து வந்து அப்போதுதான் இறங்கியிருந்தான். முகம் வாடிப்போன கீரைக்கட்டு மாதிரி இருந்தது.

"என்னப்பா, பிளேன்ல வந்தவன் மாதிரியா இருக்கே? நடந்து வந்தவன் மாதிரி இருக்கே!"

"அதை ஏன் அண்ணே கேக்குறீங்க! பிளேன் கேன்சல். ஏதோ மெஷின் கோளாறாம். நாளைக்கு வான்னாங்க. நாளைக்குப் போனா, நாளைக்கு வான்னாங்க. அண்ணன் கடை கண்டியில இருக்கு. கொழும்புல எனக்கு யாரைத் தெரியும்? லாட்ஜுல எங்கயும் எடமில்ல. டிரங்குப் பெட்டி மேல உக்காந்தே தூங்கினேன். வெளிநாட்டுல மாட்டிக்கிட்டா என்ன பாடுன்னு உங்களுக்கு எங்க தெரியப் போவுது!"

எனக்கா தெரியாது?

"நானும் மாட்டியிருக்கேன்டா."

"எந்த நாடு? மலேயாவா, சைகோனா?"

"காரைக்கால்."

விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். நாங்கள் உட்கார்ந்திருந்த அதே பஸ் ஸ்டாண்ட் சில வருஷத்துக்கு முன்னால் வெளிநாடுதான். பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர். வடக்கே பூவம் தாண்டி நண்டலாறு. ஆற்றுக்கு இந்தக் கரை அவர்கள், அந்தக் கரை நாங்கள். எங்கள் ஊர் ஆட்டுக்குட்டி காலையில் வெளிநாடு போய் மேய்ந்துவிட்டு சாயங்காலம் திரும்பிவிடும். அதை யாரும் கேட்பதில்லை. மனுஷனுக்குத்தான் பர்மிட், பரிசோதனை எல்லாம்.

அப்போது நான் ஒரு டென்ட் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலையை விட்டுவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அடிக்கடி செய்த வேலை இந்த யோசனைதான். என் சினேகிதன் நடராசன் வந்தான்.

"டேய், காரைக்கால் வரைக்கும் வர்றியா? ஒரு பாரின் சென்ட் வாங்கணும்."

"நாளைக்குக் காலையில உனக்குக் கல்யாணம்டா!"

"அதுக்குத்தான் சென்ட்டு. சிவகாமி கேட்டிருக்கு."

சிவகாமிதான் கல்யாணப் பெண். ஆற்றங்கரையை ஒட்டினாற்போல அந்தப் பெண்ணின் வீடு. நடராசனின் அப்பா அம்மா, பந்துக்கள் எல்லோரும் பெண் வீட்டுக்குப் போய் இறங்கியாகிவிட்டது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அதற்குள் போய்த் திரும்பிவிடலாம் என்பது அவன் கணக்கு. பஸ் ஏறினோம். எல்லைச் சாவடியில் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டார்கள். நீலக் கலரில் ஒரு குட்டிப் பாட்டில் வாங்கினோம். திரும்பி பஸ்ஸுக்கு வந்தால்... பஸ் இல்லை.

"ரத்து" என்றார் டிக்கெட் கொடுக்கிறவர். "எல்லைக் கதவைச் சாத்திட்டாங்க. எப்பத் தெறப்பாங்கன்னு தெரியாது."

"ஏன்?"

"ரெண்டு பெரிய சர்க்காருக்கும் மனஸ்தாபம்."

"எங்களுக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லீங்களே!" என்றான் நடராசன்.

யார் கேட்டார்கள்? வீடு எவ்வளவு தூரம் என்பதா விஷயம்? கதவு சாத்தியிருக்கிறதா என்பதுதான் விஷயம். சாத்திவிட்டால் கொழும்பும் கூப்பிடு தூரத்துக் கோட்டுச்சேரியும் ஒன்றுதான்.

படுக்க இடமில்லாதது எனக்குப் பெரிய விஷயமில்லை. நான் உப்பு மூட்டை மேல் தூங்கியிருக்கிறேன். லாரிக்கு அடியில் தூங்கியிருக்கிறேன். ஒருமுறை தேர்ச் சக்கரத்துக்கு நடுவில் தூங்கி, வடம் பிடிக்க வந்தவர்கள் எழுப்பி எழுந்திருக்கிறேன். ஆனால் நடராசன் நிலைமை அப்படியா? முகூர்த்தத்துக்குப் போகாவிட்டால் மாலை வேறு கழுத்துக்குப் போய்விடும். அந்தக் கழுத்தும் தயாராக இருந்தது.

"செல்வராசு இருக்கான்டா, சிவகாமிக்கு மாமன் மகன். நான் எப்ப தடுக்கி விழுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கான்."

"ஆத்துல எறங்கி நடந்துடுவோமா?"

"கடத்தல்காரன்னு புடிச்சு உள்ள வெச்சிட்டா? வெளிய வந்து செல்வராசு கல்யாணத்துக்கு மொய் எழுதவா?"

அதுவும் நியாயம். காலையில் கதவு திறக்கலாம் என்று லாட்ஜுக்குப் போனோம். அந்நிய நாட்டுக்காரர் என்றால் போலீஸில் சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள். போலீஸுக்குப் போனோம். அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் நம் ஊர்க் குமாஸ்தா. அதிகாரியை எல்லோரும் 'முசியே' என்றார்கள். முசியே எங்களைப் பார்த்து மூக்கால் ஏதோ கேட்டார். குமாஸ்தா மொழிபெயர்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பரதேசியான்னு கேக்குறாரு."

நடராசன் குதித்தான். "யாருய்யா பரதேசி? சொந்தமா நெலம் இருக்கு எனக்கு! நாளைக்குக் காலையில கல்யாணம்!"

"கல்யாணம் ஆனாலும் பரதேசிதாங்க."

"இந்தாளை..."

"கோவப்படாதீங்க தம்பி. வேத்து நாட்டுக்காரங்கன்னு அர்த்தம். இங்க அப்படித்தான் சொல்றது. நான் ஆத்தைத் தாண்டி வந்தா உங்களுக்கு நான் பரதேசி. பாக்கப்போனா முசியேவே ஒரு பரதேசிதான்... அதை மட்டும் நான் அவருக்கு மொழிபெயர்க்குறது இல்ல."

முசியே எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். குமாஸ்தாவும் நல்லவர்தான். "கடைத்தெருப் பக்கம் பரதேசிங்க தங்குறதுக்கு எடம் இருக்கு. போலீஸ்ல சொல்லிட்டோம்னு சொல்லுங்க, விடுவாங்க" என்றார். ஒரு லாட்ஜைத்தான் சொல்லியிருக்கிறார். பெயரைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா? நாங்கள் கேட்கவில்லை. கடைத்தெருவில் நின்று பொறுப்பாக விசாரித்தோம்.

"ஏங்க, பரதேசிங்க தங்குற எடம் எங்க இருக்கு?"

வெற்றிலைக்கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். வயசுப் பிள்ளைகளுக்கு இப்படியா கதி என்று நினைத்திருப்பார். ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து, "நேரா போயி குளத்துக்கிட்ட திரும்புங்க" என்றார்.

வெளிநாட்டில் என்ன உபசாரம் என்று பழத்தைத் தின்றுகொண்டே போனோம். குளக்கரையில் இருந்தது ஓர் ஓட்டுக் கட்டடம். உள்ளே காவி கட்டிய ஐந்தாறு பேர். திருவோட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு தாடிச் சாமி நிமிர்ந்து பார்த்தார். அது பரதேசி மடம். அசல் பரதேசிகளுக்கான மடம்!

"வாங்க, வாங்க. எந்தத் திக்குப் பரதேசி?"

"வடக்குங்க" என்றேன்.

"காசியா?"

"பூவத்துக்கு அந்தாண்ட."

மடமே சிரித்தது. தாடிச் சாமி மட்டும் சிரிக்கவில்லை. "தூரமா முக்கியம்? படுங்க. ஆனா சீக்கிரமா தூங்கிடணும். விடிஞ்சதும் நாங்க கெளம்பணும்."

"எங்க சாமி?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் நாளைக்கு ஒரு கல்யாணம். சாப்பாடு பலமாம். பால் பாயசம்னு கேள்வி."

"ஐயோ சாமி, அது என் கல்யாணம்!" என்று அலறினான் நடராசன்.

மடத்தில் எல்லாக் காவியும் அவனையே பார்த்தது. தாடிச் சாமிக்கு முகம் மாறிவிட்டது.

"நீ இங்க இருந்தா... அங்க பாயசம் எப்படிய்யா நடக்கும்?"

அப்புறம் எங்களைவிட அவர்களுக்குத்தான் கவலை அதிகம். எல்லைக் கதவு எப்படிச் சாத்தியிருந்தாலும் சாமியார்களை யாரும் நிறுத்துவதில்லையாம். விடியற்காலையில் எங்களுக்குக் காவி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். நடராசன் கையில் ஒரு கைத்தடி, ஓர் ஓட்டைக் குடை. பார்த்தால் நாலு ஊர் பிச்சை எடுத்தவன் மாதிரியே இருந்தான். அவ்வளவு பொருத்தம்.

ஒரே ஒரு சிக்கல். சென்ட் பாட்டில்.

"தூக்கிப் போடுய்யா. சோதனையில மாட்டுவே" என்றார் தாடிச் சாமி.

"சிவகாமிக்கு வாக்குக் குடுத்திருக்கேன் சாமி." நடராசன் கொஞ்சம் யோசித்தான். "பாட்டிலைத்தானே புடிப்பாங்க? வாசனையை எப்படிப் புடிப்பாங்க?"

மூடியைத் திருகி முழுப் பாட்டிலையும் தலையில் கவிழ்த்துக்கொண்டான். நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. குளத்துக்கு அந்தப்புறம் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து தும்மியது.

வரிசையாக நடந்தோம். பிரெஞ்சுப் பக்கத்துச் சிப்பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் பக்கத்துக் காவல்காரர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். நடராசன் அவரைக் கடந்தான். அவ்வளவுதான்.

"சாமி, நில்லுங்க." காற்றை உறிஞ்சினார். "என்ன வாசனை இது?"

நடராசன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"தவ வாசனை" என்றார் தாடிச் சாமி.

"இந்தச் சின்ன வயசுலயா?"

"பொறந்ததுலேருந்தே அப்படித்தான். மழை பேஞ்சா இன்னும் தூக்கும்."

காவல்காரர் மறுபடி உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கைகள் கூப்பியிருந்தன.

"சாமி... எனக்கு எப்பத்தான் கல்யாணம் ஆகும்?"

தோப்புக்கு அப்பால் நாயனம் கேட்கத் தொடங்கியது. அது சிவகாமி வீட்டு நாயனம். நடராசன் கத்தினான்.

"சீக்கிரம் ஆகணும்! இப்பவே ஆகணும்! தாமசம் பண்ணினா மாமன் மகன் ஒருத்தன் வந்து தாலியைக் கட்டிட்டுப் போயிடுவான்!"

காவல்காரர் வாயைப் பிளந்தார். "எங்க அத்தைப் பொண்ணுக்கு என்னைத் தவிர அப்படி இன்னொரு மாமன் மகனும் இருக்கான் சாமி! எப்படித் தெரிஞ்சுது?" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்த் தடுப்புக் கட்டையைத் தன் கையாலேயே தூக்கினார். "இன்னிக்கே பொண்ணு கேக்க ஆள் அனுப்பிடறேன் சாமி!"

பிறகு நாங்கள் நடக்கவில்லை. ஓடினோம். ஏழெட்டு சாமியார்கள் வரப்பு மேல் தலைதெறிக்க ஓடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பெண் வீட்டில் ஒரே களேபரம். மாப்பிள்ளை சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான் என்று முந்தின சாயங்காலமே யாரோ கதை கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கோச்சு வண்டி காலியாகத் திரும்பியிருந்தது. பந்தல் ஓரத்தில் ஓர் ஆள் புது வேட்டி, சந்தனம், படிய வாரிய தலை என்று நின்றான். செல்வராசு.

நடராசன் காவியோடு பந்தலுக்குள் நுழைந்தான். நாயனம் பாதியில் நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டும் முன்னால் மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் காசிக்குக் கிளம்புவார். மாமனார் குறுக்கே வந்து, காசி வேண்டாம், என் பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அழைத்து வருவார். எல்லாம் விளையாட்டுத்தான். சிரித்துக்கொண்டே செய்வார்கள். அந்த வேஷத்துக்குப் பெயர்... பரதேசிக் கோலம்.

"சாமியாராப் போனவரு போகட்டும் மாமா" என்றான் செல்வராசு, ஓரடி முன்னால் வைத்து. "அவரை எதுக்குச் சம்சாரத்துல மாட்டிவிடணும்? பாவம்!"

"டேய், இது வேஷம்டா! பரதேசிக் கோலம்! வீட்டுலேருந்தே போட்டுக்கிட்டு வந்துட்டேன், நேரம் மிச்சம்னு!" என்றான் நடராசன். அவன் வாழ்க்கையிலேயே யோசித்துப் பேசியது அந்த ஒரு முறைதான்.

சடங்கு நடத்துகிறவர் குடையைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். "கோலம் சரியாத்தான் இருக்கு. மாமனார் தடுக்கணும், அதான் பாக்கி. ஏங்க, தடுங்க! நேரமாவுது!"

சிவகாமியின் அப்பா பாய்ந்து வந்து நடராசனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் எத்தனையோ கல்யாணத்தில் அந்தச் சடங்கைப் பார்த்திருக்கிறேன். மாமனார் நிஜமாகவே அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"காசிக்குப் போவாதீங்க மாப்ளே... சைகோனுக்கும் போவாதீங்க!"

தாலி ஏறியது. செல்வராசு புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறினான். தாடிச் சாமி அவனிடம்தான் மறுபாயசம் கேட்டார்.

மணையில் நான் மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிவகாமி குனிந்த தலை நிமிராமல் பேசியது என் காதில் விழுந்தது.

"நீங்க வரலேன்னா என்ன ஆயிருக்கும், தெரியுமா?"

"தெரியும். செல்வராசு."

"செல்வராசும் இல்ல, ஒருத்தரும் இல்ல. கொல்லைக் கதவைத் தெறந்து வெச்சிருந்தேன். நானும் ஒரு காவியைக் கட்டிக்கிட்டு ஆத்துல எறங்கியிருப்பேன்."

நடராசன் திரும்பிக் கொல்லைக் கதவைப் பார்த்தான். எனக்கு வேறு கவலை. இரண்டு காவியும் நடு ஆற்றில் சந்தித்துத் தாலி கட்டிக்கொண்டிருந்தால், அதை எந்த நாட்டுக் கல்யாணம் என்று எழுதியிருப்பார்கள்?