கண்ணாடி மேசையடியில் ஒரு கை

இப்போது ஸ்ரௌவ்வில் நகரில் அக்கா வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மேசை, முதலில் எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் இருந்தது. அப்பா வேலை செய்த இத்தாலியத் தளபாடக் கடையில் பார்வைக்கு வைத்திருந்தது அது. புது மாதிரிகள் வந்ததும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். வால்நட் மரக் கால்கள் இரண்டிரண்டாகச் சாய்ந்து, நடுவில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். செதுக்கல் இல்லை, பூவேலை இல்லை, ஆணியின் தலைகூடத் தெரியாது. மேலே தடித்த கண்ணாடி. மரம் பொருந்தும் இடம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றே மிலானில் அப்படி வடிவமைத்தார்களாம். வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அதைக் குனிந்து காட்டுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, அக்காவைப் பெண்பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் மேசைக்கு ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். அக்கா கேட்டதற்கெல்லாம் தாயாரே பதில் சொன்னார். வேலை எப்படி என்றபோதும், "நல்ல கொம்பனி பிள்ளை, கம்பியூட்டர் வேலை" என்றார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அக்கா வெட்கத்தில் தலைகுனிந்திருக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவளோ கண்ணாடி வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் பேச முயலும்போதெல்லாம் தாயாரின் கை அவர் முழங்காலை அழுத்தியது.

"அன்ரி, கையை எடுங்கோ. அவர் சொல்லட்டும்," என்றாள்.

தாயாரின் முகம் சிவந்தது. கை மெல்ல மடிக்குத் திரும்பியது.

"எனக்கு வேலை போயிட்டுது. போன மாசம் லே-ஓஃப் பண்ணிப்போட்டாங்கள்," என்றார் மாப்பிள்ளை. "மறைக்க எனக்கு விருப்பமில்லை."

அவர்கள் போனதும் அப்பா கதவைச் சாத்தினார். "இந்தக் கதை இதோட முடிஞ்சுது."

அக்கா கோப்பைகளை அடுக்கியபடி, "எனக்கு ஓம், அப்பா," என்றாள்.

"உனக்கென்ன விசரா? வேலையில்லாதவன்!"

"வேலை தேடலாம். கேட்டவுடன உள்ளதைச் சொன்னாரே."

அப்பா பல கிழமைகள் அவளோடு பேசவில்லை. அத்தானுக்கு வேறு வேலை கிடைத்த பிறகுதான் இறங்கி வந்தார். கலியாணம் முடிந்து அவர்கள் முதலில் அஜின்கோர்ட்டில் குடியேறியபோது, மேசையையும் அவரே கழற்றிக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தார்.

அந்த வீட்டுக்கு அத்தானின் தாயாரும் கூடவே வந்தார். வந்த கிழமையே தடித்த விரிப்பொன்று வாங்கி, நாலு பக்கமும் தொங்கும்படி மேசையில் விரித்துவிட்டார். அன்று நானும் சாப்பிடப் போயிருந்தேன். வேலை முடிந்து வந்த அத்தான் மேசையைப் பார்த்தார். பிறகு கறிச் சட்டிகளைத் தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டு, விரிப்பை உருவி நிதானமாக மடித்தார்.

"அம்மா, உது வேண்டாம்."

தாயார் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, சாப்பிட இருங்கோ," என்றார் தாயார் கடைசியில். "சோறு ஆறப்போகுது."