வாவிக்குள் போன சீமெந்து

பெரியகல்லாற்றில் தாய்சேய் நிலையம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், சீமெந்து என்ற சொல்லையே ஆட்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. மட்டக்களப்பிலிருந்து ஒரு மூடை சீமெந்து தெற்கே வருவதென்றால் இராணுவ முகாமின் அனுமதி வேண்டும். வழியிலுள்ள காவலரண்களில் மூடையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். ஊரை ஒட்டிய வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஆயுதம் ஏந்திய இயக்கம் இருந்தது. அங்கே போகிற சீமெந்தெல்லாம் பதுங்குகுழிக்குத்தான் என்பது படைக்காரர்களின் எண்ணம். அதனால் கட்டட வேலை செய்கிறவன் எவனும் அவர்கள் கண்ணுக்குப் பாதிக் குற்றவாளி.

அந்த நிலையத்தைக் கட்டும் வேலைக்கு மேற்பார்வை ஜோசப்பின். மட்டக்களப்பு ரவுனில் பிறந்த கத்தோலிக்கப் பெண். தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வேலை படிக்கப் போனபோது, வகுப்பில் அவளைத் தவிர எல்லோரும் ஆண்கள். முதல் வேலையிலேயே மேலதிகாரியோடு பிணக்கு வந்தது. மண் போட்டு மூடிவிட்ட ஓர் அத்திவாரத்துக்குக் கையெழுத்துக் கேட்டார். "நான் பார்க்காததுக்கு எப்பிடி சேர் போடுறது?" என்று கேட்டாள். அடுத்த கிழமையே அவளுக்கு மூலையில் ஒரு மேசை கொடுத்து, பழைய வரைபடங்களைத் தூசு தட்ட விட்டார்கள். அங்கிருந்து விலகி, இப்போது நிலையத்தைக் கட்டுகிற நிவாரண நிறுவனத்தில் சேர்ந்தாள். அதன்பிறகு யாரையும் இலேசில் நம்பமாட்டாள் என்ற பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. அவளும் அதை மறுத்ததில்லை.

அந்த மாசியில் பருவம் தப்பி மழை கொட்டியது. போதாததற்கு வீதியில் எங்கோ கண்ணிவெடி வெடித்து, போக்குவரத்து நின்றது. ஜோசப்பின் ரவுனிலேயே முடங்கினாள். வீதி திறந்ததும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள், முன்பக்கத் தூண்களுக்குக் கொங்கிறீட் போட்டு, அச்சுப் பலகையும் கழற்றியிருப்பதைக் கண்டாள். தூணின் நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கைப்பையிலிருந்த வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்துக் கீறினாள். மாவாகக் கொட்டியது.

"இது என்ன கலவை அண்ணன்?"

தலைமை மேசன் சீனித்தம்பி சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "வழமையான கலவைதான் மிஸ்." தலை நிமிரவில்லை.

ஜோசப்பின் களஞ்சியக் கொட்டிலுக்குள் போனாள். மூடைகள் குறைந்திருந்தன. இவ்வளவு குறைந்ததென்றால் தூண்கள் இரும்பாய் இறுகியிருக்க வேண்டும். தூணிலும் இல்லை, கொட்டிலிலும் இல்லை என்றால் சீமெந்து எங்கே போனது?

கொந்தராத்துக்காரர் நல்லரத்தினம் பின்னாலேயே வந்து நின்றார். களுவாஞ்சிக்குடியில் வயலும் தென்னந்தோட்டமும் உள்ள மனிதர். நெற்றி நிறையத் திருநீறு.

"தங்கச்சி, நான் ஒருத்தரையும் குறை சொல்லல்ல. ஆனா சீனித்தம்பிக்குத் தோணி கிடக்கு. படுவான்கரையில சொந்தக்காரரும் இருக்காங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஒரு விரலைக்கூட நீட்டாமல் ஆளைக் காட்டிவிட்டார். ஜோசப்பினுக்கு அவர் மேலும் சந்தேகம் வந்தது. ஆனால் கரையில் கட்டியிருந்த தோணியை எட்டிப் பார்த்தபோது, அதன் அடியில் சாம்பல் நிறத் தூள் ஈரத்தில் ஒட்டி உறைந்து கிடந்தது.

யாரிடம் சொல்வது? நிறுவனத்துக்கு அறிவித்தால் அது முகாமுக்கும் போய்ச்சேரும். அப்புறம் சீனித்தம்பியின் மனைவி முகாம் வாசலில் தவம் கிடக்க வேண்டியதுதான். சொல்லாமல் விட்டு, பின்னால் யாராவது கண்டுபிடித்தால், அவளும் சேர்ந்து கடத்தியவளாகிவிடுவாள். அன்று முழுவதும் வேலையாட்களின் ஒவ்வொரு பார்வையும் அவளுக்கு ஒரு சைகையாகவே பட்டது. இரண்டுபேர் சேர்ந்து சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்க மனம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், சீனித்தம்பி தோணியில் எதையோ ஏற்றித் தென்னங்கிடுகால் மூடுவதைக் கண்டாள். யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, தோணியின் விளிம்பைப் பிடித்தாள்.

"இது எங்க போகுது அண்ணன்?"

சீனித்தம்பியின் முகம் செத்துப்போயிற்று. தோணி தள்ளும் தாங்குகம்பைக் கையில் எடுத்தார். "ஏறுங்க மிஸ். கண்ணால பார்த்துட்டு மறுகா என்னவும் சொல்லுங்க."

ஏறினாள். தோணி படுவான்கரைப் பக்கம் திரும்பினால் குதித்துவிடுவது என்று மனதுக்குள் முடிவுசெய்துகொண்டாள். அது திரும்பவில்லை. கரையோரமாகவே போய், கண்ணாமரங்கள் தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் ஒதுக்கில் நின்றது. சீனித்தம்பி தாங்குகம்பால் கீழே காட்டினார்.

கலங்கலுக்கு அடியில் மூடைகள் கிடந்தன. மூடைகள் அல்ல, மூடை வடிவக் கற்கள். கடதாசி ஊறிக் கழன்று போயிருந்தது. அதன் மடிப்புகளும் வாய் தைத்த தையலும் மட்டும் கல்லில் அச்சாகப் பதிந்திருந்தன. கிடுகை நீக்கினார். தோணிக்குள் இருந்ததும் அதுவேதான்.

"மழைக்குக் கொட்டில் ஒழுகிச்சு. மேல போட்டிருந்த தறப்பாளை நல்லரத்தினம் ஐயா கழட்டிக்கொண்டு போயிட்டார், வயல் வட்டையில வெட்டிக் கிடந்த நெல்லை மூட. அரைவாசி இறுகினதை இடிச்சு அரிச்சு தூணுக்குப் போட்டன். முழுசாக் கல்லானதை இஞ்ச கொண்டுவந்து தாழ்த்தினன்."

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க எழுதுவீங்க. எழுதினா அவங்க வருவாங்க. நல்ல சீமெந்தைக் குடுத்துட்டுக் கல்லைக் காட்டுறான் எண்டு சொல்லுவாங்க. புதுசுக்கு அனுமதி கேட்டாலும் பழசு எங்க எண்டுதானே கேப்பாங்க?" கம்பை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீங்க என்னை என்னெண்டு நினைச்சீங்க மிஸ்?"

பொய் சொல்ல ஜோசப்பினுக்கு வாய் வரவில்லை. "அங்கால அனுப்புறீங்க எண்டு நினைச்சன்."

அவர் தோணியைத் திருப்பினார்.

அவளை அதைவிட அதிகம் அறுத்தது இன்னொரு விஷயம். வீதி மூடிக்கிடந்த கிழமை, களஞ்சியம் பத்திரமாக இருக்கிறது என்று நல்லரத்தினம் வாவி வழியாக ஆள்விட்டுச் சொன்னதை நம்பி, அறிக்கையில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். பார்க்காததற்குப் போடமாட்டேன் என்றவள் போட்ட கையெழுத்து அது.

கரைக்கு வந்து கேட்டபோது நல்லரத்தினம் வழி ஒன்று சொன்னார். "தூணுக்கு மேல நல்லாப் பூசிவிடுவம். ஆருக்குத் தெரியப்போகுது? கேள்வி வந்தா மேசன் பிழை விட்டான் எண்டு எழுதுங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"அதுக்கு மேல கொங்கிறீட் பிளேட் வரப்போகுது ஐயா. அதுக்குக் கீழ பிள்ளைத்தாச்சிகள் படுக்கப்போறாங்க. எல்லாத் தூணையும் உடைக்கிறம்."

"உடைச்சா முகாமுக்குத் தெரியும்."

"நானே போய்ச் சொல்லுறன்."

போனாள். அதிகாரி அவளுடைய அடையாள அட்டையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, சுவரோர மர வாங்கில் உட்காரச் சொன்னார். வெயில் சாயுமட்டும் உட்கார்ந்தாள். பிறகு உடைந்த தமிழில் கேட்டார்: "சீமெந்து எங்க?"

"கல்லாப்போச்சு சேர். வாவிக்குள்ள கிடக்கு. களஞ்சியத்துக்குப் பொறுப்பு நான்."

அதிகாரி சிரித்தார். ஆனாலும் அடுத்த நாள் காலையில் ஆட்களோடு வந்தார். சீனித்தம்பி கற்களை ஒவ்வொன்றாக மேலே எடுத்தார். ஒன்றை உடைக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்கள். நடுவரைக்கும் இறுகிய சீமெந்தின் சாம்பல் நிறம்தான். ஆனால் சில கற்கள் சேற்றில் புதைந்து கைக்கு அகப்படவில்லை. கணக்கு முழுசாகச் சரிவரவில்லை. அதிகாரியின் சந்தேகம் அகப்படாத அந்தச் சிலவற்றிலேயே நின்றது. சீனித்தம்பியை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

"பொறுப்பு நான் எண்டு சொன்னனே" என்று ஜோசப்பின் குறுக்கே போய் நின்றாள். அவளையும் ஏற்றினார்கள். முகாமில் இருவரையும் வேறு வேறு பக்கம் கொண்டுபோனார்கள். அவளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, பொழுதுபட வெளியே விட்டார்கள். சீனித்தம்பி அதற்குப் பிறகு வந்தார். ஒரு பக்கக் காது வீங்கியிருந்தது. நடை சரியாக இல்லை. கைகொடுக்கப் போனவளை "வேணாம் மிஸ்" என்று தவிர்த்துவிட்டுத் தனியாக நடந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு அந்த அடி விழுந்திராது. அது அவளுக்குத் தெரியும். அந்தப் பலமில்லாத தூண்கள் அப்படியே நின்றிருக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஊருக்குள் வேறு கதை பரவியது. மேசனைக் காட்டிக்கொடுத்தவள் அந்த மிஸ்தான் என்றார்கள். நல்லரத்தினம் மறுக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்பின் அறியாத ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "சீமெந்து எங்க மிஸ் போனது? முகாமில என்ன சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டான். அதிகாரி கேட்ட அதே கேள்வி. இவன் மட்டும் சிரிக்கவில்லை. இயக்கத்து ஆள் என்று பட்டது. அவள் அதே பதிலைச் சொன்னாள். அவன் போன திசையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தூண்களை உடைத்தார்கள். சீனித்தம்பியே உளி பிடித்தார். புதுச் சீமெந்துக்கு அனுமதி கிடைக்க மாதக்கணக்கானது. நல்லரத்தினம் தறப்பாளைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒன்றும் நடக்காததுபோலக் கொட்டிலுக்கு மேல் போட்டார். இம்முறை கலவை போட்ட நாளெல்லாம் ஜோசப்பின் வெயிலில் நின்றாள். அவளுக்கும் சீனித்தம்பிக்கும் இடையில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. நிலையம் திறந்தபோது நிறுவனம் அவளை வடக்கே வாகரைப் பக்கம் மாற்றியிருந்தது. திறப்புவிழாவுக்கு யாரும் கூப்பிடவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு, அவள் திரும்ப ரவுனுக்கு வந்திருந்த சமயம், சீனித்தம்பி ஆள் அனுப்பினார். களுவாஞ்சிக்குடியில் ஒரு பள்ளிக்கூட மாடிக்கு அவர்தான் மேசன். மறுநாள் பிளேட் போடப்போகிறார்களாம், வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமாம். அது அவளுடைய வேலை இல்லை. ஆனாலும் போனாள்.

அவர் கொட்டில் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றார். தலை நரைத்திருந்தது. சுகம் விசாரிக்கவில்லை.

"கையை வச்சுப் பாருங்க மிஸ். எல்லா மூடையையும் பாருங்க. மறுகா ஆரும் என்னை ஒண்டும் கேட்கக்கூடாது."

ஜோசப்பின் உள்ளே போய் மூடைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கத் தொடங்கினாள். அவர் வாசலில் நின்று அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.