"மேடம் இல்லங்க சார், செத்த..."

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில், நான் சொன்ன ஒரே வார்த்தையால் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு மாலை வந்து சேர்ந்தது!

பதற வேண்டாம். அவர் நலமாக இருக்கிறார். நானும் நலம். (நான் நலமாகத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.)

முறைப்படி சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு மில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருப்பவனுக்கு மத்தியானம் மிகவும் நீளமானது. அதனால் ஊரிலேயே அலுவலக நிர்வாகப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பின்னால் வாத்தியார் வருகிறார் போல என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை!

எக்செல், மெயில், ஃபைலிங் எல்லாம் முடிந்து, நேரடிப் பயிற்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு விதைக் கம்பெனியின் கிளைக்கு அனுப்பினார்கள். அங்கே மேனேஜர் மேடம் ஒருவர்தான். மொத்த வேலையும் அவர் தலையில்.

"ஒரு ஆபீஸ் அசிஸ்டென்ட் குடுங்க" என்று சென்னைத் தலைமை அலுவலகத்திடம் பலமுறை கேட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்மா" என்றே பதில்.

அந்த இடம் கிடைத்தால் எனக்குத்தான் என்று மேடம் சொல்லியிருந்தார். இன்று என் பயிற்சியின் கடைசி நாள். கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து மறுபடியும் அந்த மத்தியானம்தான்.

காலையில் மேடம் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு வயலைப் பார்க்க ஸ்கூட்டியில் போனார். சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. செல்போனும் அணைந்திருந்தது.

அப்போது லேண்ட்லைன் அடித்தது. சென்னைப் பெரிய சார்!

"மேடம் எங்க? செல்லு ஸ்விட்ச் ஆஃப்னு வருது. என்னாச்சு அவங்களுக்கு?"

பயிற்சியில் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. ஆள் இல்லை என்பதோடு நிறுத்தக் கூடாது. எப்போது வருவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"வணக்கம் சார். மேடம் இல்லங்க சார். செத்த..."

லைன் கட்!

நான் சொல்ல வந்தது, "செத்த நேரத்துல வந்துருவாக." எங்கள் பக்கத்தில் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறோம். சென்னைக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

திரும்ப அழைக்கலாம் என்றால் ரிசீவரில் சத்தமே இல்லை. (உண்மையில் செத்தது அந்த லைன் மட்டும்தான்!) வந்ததும் மேடமே பேசிக்கொள்வார் என்று நானும் நிம்மதியாக ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மேடம் வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"டயர் பஞ்சர்யா. போன்லயும் சார்ஜ் இல்ல. மொதல்ல ஒரு டீ சொல்லுங்க."

போனை சார்ஜில் போட்டுவிட்டு டீயைக் கையில் எடுத்தார். அப்போது சேத்தூர் விதைக்கடைக்காரர் உள்ளே வந்தார். கையில் பெரிய ரோஜா மாலை. மேடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆத்தாடி!"

"என்ன அண்ணாச்சி, மாலையும் கையுமா?"

அவர் என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"அது... ஆண்டாள் கோயிலுக்கு மேடம்!"

"கோயிலுக்குக் கொண்டுபோற மாலைக்கு ஏன்யா அழுதுட்டு வாறீக?"

அதற்குள் சார்ஜ் ஏறி மேடத்தின் போன் உயிர்பெற்றது. டிங், டிங், டிங் என்று நிற்கவே இல்லை. விதைக்கடைக்காரர்களும் இருக்கும் கம்பெனி வாட்ஸ்அப் குரூப் முழுவதும் மேடத்துக்கு ஆழ்ந்த இரங்கல்!

"இங்க போன எடுத்தது யாரு?"

எழுந்து நின்றேன். பேசியதை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தேன். வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். (இன்னும் கிடைக்காத வேலை!)

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம் டீ சிந்தும்படி சிரித்தார். கடைக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கெட்டுச்சு போங்க! ஒத்த வார்த்தையில என்னைய முடிச்சுவிட்டுட்டீகளேய்யா!"

சிரிப்பு அடங்காமலே ஒவ்வொன்றாக வாசித்தவர், பெரிய சார் எழுதியிருந்ததில் மட்டும் நின்றார். "நல்ல உழைப்பாளி. தனியாளா கஷ்டப்பட்டாங்க. கேட்ட அசிஸ்டென்ட்டக் கூட குடுக்காம விட்டுட்டோமே."

உடனே சென்னைக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நான்தான் பேசுதேன்."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடையும் சத்தம்.

"பயப்படாதீக சார். உசுரோடதான் இருக்கேன். செத்த நேரம்னா இங்க கொஞ்ச நேரம்னு அர்த்தம். அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு."

"ஐயோம்மா! உயிரே போச்சு எனக்கு!"

"அசிஸ்டென்ட் குடுக்காம விட்டுட்டோமேன்னு வருத்தப்பட்டிருக்கீகளே. அத இப்பக் குடுத்துருங்க சார், நான் இருக்கும்போதே!"

"சரிம்மா. ஆள் யாராவது இருக்காங்களா?"

"உங்ககிட்டப் பேசினாரே, அவருதான்."

"அவரா!"

"அவரேதான் சார். நான் அம்புட்டு மெயில் போட்டும் நடக்கல. அவரு ஒத்த வார்த்தையில சாங்ஷன் வாங்கிட்டாரே!"

சாயங்காலத்துக்குள் உத்தரவு மெயிலில் வந்துவிட்டது. அதைத் திறந்து, அச்செடுத்து, ஃபைலில் சேர்த்தவனும் நானே. அவசரத்தில் முதல் பிரதி கோணலாகப் பஞ்ச் ஆகிவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. மேடத்துக்கும், மாலையை உண்மையிலேயே ஆண்டாளுக்குக் கொண்டுபோன கடைக்காரருக்கும் என் நன்றி!

லைனும் சரியானது. மேடத்தின் ஒரே நிபந்தனை: "இனிமே அந்த வார்த்தையே இந்த ஆபீசுல கேக்கக் கூடாது!"

வேலை உறுதியான பின் வந்த முதல் அழைப்பு, ஆலங்குளம் பக்கத்து விவசாயி ஒருவர். மேடம் வேறு போனில் இருந்தார். நான் மிகுந்த கவனத்தோடு, தெளிவாகச் சொன்னேன்:

"வணக்கம். தயவுசெய்து சிறிது நேரம் காத்திருங்கள்."

அந்தப் பக்கம் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது நன்றாகவே கேட்டது.

"ஏலே, ஆளு எடுக்கலடா. ரெக்கார்டுதான் பேசுது. வையி போன!"

வைத்தும்விட்டார்!

நண்பர்களே, போனில் ஒருவர் செத்ததாகவும் தோன்றாமல், பேசுகிறவன் மனிதன்தான் என்றும் தெரியும்படி எப்படிப் பேசுவது? நாளை காலை ஆபீஸ் திறப்பதற்குள் யாராவது சொல்லுங்களேன்!