அந்தக் கன்னம் என்னுடையது

என் அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்தில் ஏட்டு. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறை அவளுடையது. பாதி ஊர் பயப்படும் அத்தை, ஓர் அயல்நாட்டுக் கிழவியிடம் மட்டும் இரண்டு தடவை தோற்றுப்போயிருந்தாள்.

கிழவி இருந்தது ஒரு படத்தில்; ஐரோப்பாவில் யாரோ எப்போதோ எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. கிழவியின் தலையில் வெள்ளைத் துணி, ஒரு கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம். அதை அப்படியே பார்த்து வரைந்து முடித்தால்தான் உயிருள்ள ஆளை வரைய விடுவேன் என்று அத்தை லீவு நாளில் போகும் ஓவிய வகுப்பின் ஆசிரியர் சொல்லியிருந்தார். துணி வந்துவிட்டது, மூக்கும் வந்துவிட்டது. நிழல் விழுந்த கன்னம் மட்டும் கரி பூசியதுபோல் நின்றது. இரண்டு தடவையும் அத்தை கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வெள்ளைத் துண்டை என் தலையில் சுற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

"ஏட்டி, செத்த நேரம் அசையாம இரு. நெழலு எப்படி விழுதுன்னு உம்மூஞ்சில பாத்துக்கிடுறேன்."

எனக்கு அப்போது எட்டு வயது. கீழே வேன் வந்து ஹாரன் அடித்தது. செண்பகத்தோப்பு ஓடையில் தண்ணீர் வந்திருந்தது. சித்தப்பா பிள்ளைகளையெல்லாம் குளிக்கக் கூட்டிப்போனார். எப்போது போவோம் என்று நான்தான் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"போகணும்னா போ," என்றாள் அத்தை. கையில் பிரஷ் அப்படியே நின்றது.

"நான் வரல!" என்று தலையைத் திருப்பாமலே கத்தினேன்.

வேன் போய்விட்டது. மூக்கில் ஈ உட்கார்ந்தது, அதற்கும் அசையவில்லை. அத்தை என்னைப் பார்ப்பாள், படத்தைப் பார்ப்பாள், மறுபடி என்னைப் பார்ப்பாள்.

"இதுல கருப்பே இல்லையே. பச்சையும் செவப்பும்லா கெடக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வகுப்புக்கு என்னையும் கூட்டிப்போனாள். ஆசிரியர் படத்தை வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இனிமே ஆள உக்கார வச்சு வரையலாம் மேடம்."

"அதெல்லாம் வச்சாச்சு சார்," என்று அத்தை என் தோளில் கை போட்டாள்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். அத்தையின் போனிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "யாரோ வெள்ளக்காரக் கிழவிடீ," என்றாள் பக்கத்து வீட்டுத் தோழி. "கன்னம் என்னோடது," என்றேன். கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

படத்துக்குள் நான் இருக்கிறேன் என்பதுதான் அன்றைய பெருமை. வாரம் முழுக்கக் காவல் நிலையத்தில் முகங்களைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு வருகிறவள், ஒன்றும் விசாரிக்காமல் அரை நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு எப்பேர்ப்பட்ட ஆறுதல் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.